டைம் ஆபீஸ் கன்னியப்பனின் சந்தேகங்கள்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் பயணிகள் சங்கத்துக் குழுவில் காலை ஏழேகாலுக்கு யாரோ ஒருவர் கன்னியப்பனின் பழைய படத்தைப் போட்டு, அதன் கீழே கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக அடுக்கியிருந்தார். நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருகிற பத்துச் செய்தியில் ஏழு பொய். பஸ் கட்டணம் ஏறுகிறது என்பார்கள், ஏறாது. பாலத்தை மூடப்போகிறார்கள் என்பார்கள், மூடமாட்டார்கள். அவர் எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி தனலட்சுமி அக்காதான் எடுத்தார்.

"ஆமாம்மா. காபி குடிச்சாரு, டம்ளரைக் கீழ வச்சாரு, அவ்ளோதான். நீயும் நம்பலியா? காலைலேர்ந்து போன் பண்றவங்க எல்லாம் நெஜமாவான்னுதான் கேக்கறாங்க. அவரு புத்தி உங்க எல்லாருக்கும் ஒட்டிகினுகீது" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். எனக்கும் அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறிந்தவர்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கன்னியப்பனுக்குச் சொந்த ஊர் திருமழிசை. அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். தொழிலாளர்கள் வாசலில் இருக்கும் மெஷினில் அட்டையைச் செருகி நேரம் அடித்துவிட்டு உள்ளே போவார்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று அந்த அட்டைகளைப் பார்த்துச் சொல்வது இவர் வேலை. ஓய்வு பெறுகிறவரை அதே நாற்காலி. ஓய்வுக்குப் பிறகு முழுநேர வேலையாகச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

நான் கரூர்க்காரி. ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கணினி நிறுவனம் ஒன்றில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது வாசலில் வருகைப் பதிவேடு வைத்தோம். பெயர், யாரைப் பார்க்க, போன் நம்பர், காரணம் என்று நான்கு கட்டம். ஒரு நாள் செக்யூரிட்டி அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். "மேடம், ஒரு பெரியவர் இப்படி எழுதிட்டு நிக்கிறார். உள்ள விடலாமா?" போன் நம்பர் கட்டத்தில், அச்சடித்தது போன்ற கையெழுத்தில், "எதற்கு?" என்று எழுதியிருந்தது.

கீழே இறங்கிப் போனேன். சட்டைப் பையில் மூன்று பேனாவுடன் ஒல்லியான ஆள் ஒருவர் நின்றிருந்தார். பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு மனுவில் கையெழுத்து வாங்க வந்தவர்.

"இந்த நோட்ட யாரும்மா பாப்பாங்க?"

"யாரும் பார்க்கமாட்டாங்க சார். சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"யாரும் பாக்காத நோட்டுல இன்னாத்துக்கும்மா எழுதணும்?"

பதில் தெரியாததால் கோபம் வந்தது. விதிமுறை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, தெருமுனை இஸ்திரிக்காரர் என் புடவையைச் சுற்றிக் கொடுத்த தாள், நிரம்பிப்போன எங்கள் பழைய பதிவேட்டிலிருந்து கிழித்தது. எங்கள் மாடிக்கு வந்துபோன அத்தனை பேர் நம்பரும் அதில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை.

பிறகு மினி பஸ் விவகாரம் வந்தது. குத்தம்பாக்கத்துப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருமழிசை, பூந்தமல்லி வழியாக ஐயப்பன்தாங்கல் வரை, பெரிய பஸ் நுழையாத தெருக்களில் மினி பஸ் விட ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் திரை கட்டி, நிறுவனத்து அதிகாரி ஒருவர் படம் போட்டுக் காட்டினார். பயண அட்டை வாங்கப் பெயர், முகவரி, போன் நம்பர், முகப்படம் தரவேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையை மெஷினில் தொட்டால், எந்த நிறுத்தம், எத்தனை மணி என்று பதிவான போனுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். "பெண்களின் பாதுகாப்புக்காக" என்றார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். என் மகள் கல்லூரிக்குப் போகிறாள், அவள் இறங்கிய இடம் எனக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கன்னியப்பன் எழுந்தார். "ஏறினவன் சீட்டு வாங்கினானா இல்லியான்னு தெரிஞ்சா போதாதா? அவன் எங்க எறங்கினா உனுக்கு இன்னா நைனா?"

எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அதற்கேற்ப பஸ் விட முடியும் என்று அதிகாரி பொறுமையாகவே விளக்கினார்.

"எத்தினி பேருன்னு எண்ணிக்கோ, யாரு வேணாங்கறா? எண்றதுக்குப் பேரு எதுக்கு? பட்டியில ஆட்ட எண்ணும்போது ஒவ்வொண்ணா பேரு கேட்டுகினா கீறோம்?"

சிரிப்பு எழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, "தப்புப் பண்ணாதவங்க எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டேன். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. கன்னியப்பன் உட்கார்ந்துவிட்டார். அவரை ஷேர் ஆட்டோக்காரர்கள் தூண்டிவிடுகிறார்கள் என்று மண்டப வாசலில் யாரோ சொன்னார்கள். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அவர் மட்டும் என்ன, "அந்தக் கம்ப்யூட்டர் மேடம் கம்பெனி ஆளு, பாத்துப் பேசுங்க" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியாகத்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

அவரைப் பெரிய ஞானி என்று காட்டுவது என் நோக்கமில்லை. அவருடைய சந்தேகங்களில் பாதி அபத்தம். பஸ்ஸில் காமிராவுக்குக் கீழே உட்காரமாட்டார், இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். பயணிகள் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது போனை எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடிவைப்பார். உள்ளே இருந்தால் எந்த அலையும் புகாது, ஒட்டுக்கேட்க முடியாது என்பது அவர் கட்சி. ஒரு நாள் நிழற்குடை பற்றி அவர் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் மேசைக்கடியில் அவர் நம்பரை அழுத்தினேன். டப்பா கணகணவென்று அடித்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, திரையைப் பார்த்து, "என் நம்பர் உனுக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டார். அவர் மனுவின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதியிருந்த நம்பர்தான் அது. அதைச் சொன்னதும் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மினி பஸ் ஓடத் தொடங்கியது. அட்டைக்குப் பதிவு செய்யும் முகாமை எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நான்தான் நடத்தினேன். வீட்டு வேலைக்குத் திருமழிசைப் பக்கமிருந்து வரும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே படிவம் நிரப்பினேன். அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் இனி சொல்லப்போகிறேன். அவள் பெயரை எழுதப்போவதில்லை. வேறு பெயர் வைத்தும் எழுதப்போவதில்லை.

பெயர் கேட்டேன், தெரு கேட்டேன். அடுத்து முகவரிக்காக, "வீட்டு நம்பர் என்ன?" என்றேன். "ஊட்டு நம்பரா?" என்று திருப்பிக் கேட்டு ஒரு கணம் தயங்கினாள். பிறகு பத்து இலக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். நான் கேட்டது கதவு எண்ணை. எங்கள் ஊரிலும் சரி, இங்கும் சரி, பெண்கள் ஊட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல் 'வீட்டில்' என்றுதான் சொல்வார்கள். அவள் தந்தது கணவனின் போன் நம்பர். அவளுக்கென்று போன் கிடையாது. போன் நம்பர் கட்டம் காலியாக இருந்தது, அதில் எழுதினேன். கதவு எண் கட்டத்தை விட்டுவிட்டேன். பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள், எனக்கு அவசரம். அன்று மாலை முகாமின் படத்தைக் குழுவில் போட்டு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவள் வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் பூந்தமல்லியில் இறங்கி, ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் அடியிலிருந்து தப்பிக்க அவள் தேடிய வழி அது. இது எனக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும், எந்த நிறுத்தம், எத்தனை மணி என்ற செய்தி அவள் கணவனின் போனுக்குப் போய்க்கொண்டிருந்ததும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் அவன் அந்த நிறுத்தத்தில் காத்திருந்தான்.

நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் கன்னியப்பன் இருந்தார். அவரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய் விலக்குவதற்குள் அவள் கை ஒடிந்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். மறுநாள் பகலில் என் வீட்டுக்கு வந்தார். வாசல் பதிவேட்டில் அன்று மட்டும் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அவ ஊட்டுக்காரன் நம்பர் எப்டிம்மா அதுல ஏறுச்சு?" என்று கேட்டார்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். அடுத்து அவர் சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மண்டபத்தில் நான் கேட்ட கேள்வியை என் முகத்தில் வீசுவார் என்று தயாராகவே இருந்தேன். அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, அதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எங்க ஃபேக்டரில மேனேஜர் ஒருநா என்னக் கூப்ட்டு, கன்னியப்பா, வியாழக்கெழம வியாழக்கெழம ஷிப்டு முடிஞ்சும் லேட்டா, ஒரே நேரத்துல வெளிய போறவங்க கார்ட மட்டும் தனியா எடுத்துக் குடுன்னாரு. எதுக்குன்னு கேக்கல. கேக்கணும்னே தோணல. நல்ல மனுசன், தன்மையா கேட்டாரு. அடுக்கிக் குடுத்தேன். ஏழு கார்டு. ஏழு பேரும் வேலை முடிஞ்சப்புறம் சேந்து உக்காந்து யூனியன் ஆரம்பிக்கப் பேசிகினு இருந்திருக்கானுங்க. ஒவ்வொருத்தனா வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் என் மச்சான். தனலட்சுமிக்குக் கூடப் பொறந்தவன். அன்னிக்குப் போனவன் என் ஊட்டு வாசப்படி மிதிக்கல." பிறகு, "நான் யாரையும் காட்டிக் குடுக்கலம்மா. கார்டுதான் காட்டிக் குடுத்துச்சு. ஆனா அடுக்கினது இந்தக் கை" என்றார்.

அவரை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று நான் பரப்பிய பேச்சை அப்போது அவரிடமே ஒப்புக்கொண்டேன். "தெரியும். டீக்கடைல சொன்னானுங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதே மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் கூட்டவைத்தோம். அதிகாரி, பதிவு செய்தவரின் கவனக்குறைவு என்றார். நான் எழுந்து, "ஆமாம், அந்தக் கவனக்குறைவு நான்தான்" என்றேன். கன்னியப்பன் பக்கத்தில் வந்து நின்று, கத்தாமல் கேட்டார்: "தப்பா எழுதினா ஒரு பொம்பள கை ஒடியும்னா, அப்டி ஒரு கட்டம் உன் ஃபாரத்துல எதுக்குப்பா கீது?" சில வாரங்களில் குறுஞ்செய்தி நின்றது. பெயர், நம்பர் எதுவும் கேட்காத மாத அட்டையும் வந்தது. நாங்கள் ஸ்வீட் வாங்கப் போனோம். அவர் மட்டும் வரவில்லை. "நிறுத்திட்டேன்னு அவன் சொல்றான். நிறுத்தினத யாரு பாத்தா?" என்றார்.

சும்மா கேட்டுவிட்டு விடவில்லை. பெயரில்லாத அட்டையானாலும் ஒரே அட்டை தினமும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கினால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மென்பொருளைச் சோதிக்கிற எனக்குத் தோன்றவில்லை. அதற்கு அவர் கண்ட வழி உங்களுக்கெல்லாம் தெரியும். மாதம் இரண்டு தடவை, பூந்தமல்லி நிறுத்தத்தில், எல்லாரும் அட்டைகளை ஒரு மஞ்சள் பைக்குள் போடுவோம். அவர் நன்றாகக் குலுக்குவார். கையை விட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே விலை மாத அட்டை, யாருக்கும் நஷ்டமில்லை. "எஸ்டேட்ல இவன் கார்ட அவன் அடிச்சா புடிச்சிக் குடுத்ததே நான்தான். இப்ப நானே மாத்திக் குடுக்கறேன். பாத்தியா கொழுப்ப?" என்று குலுக்கிக்கொண்டே சொல்வார். அந்த நேரங்களில் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

ஒடிந்த கை எலும்பு கூடியதும் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவளைத் தேடி அவள் கணவன் எங்கள் குடியிருப்புக்கு நான்கு முறை வந்தான். ஒரு முறை அழுதான், ஒரு முறை மிரட்டினான். நான் தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. கன்னியப்பனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவரை நச்சரித்தேன். அவள் நன்றாக இருக்கிறாளா என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"எனுக்கும் தெரியாதும்மா. வக்கீலம்மா சொல்ல வந்தாங்க, வேணாம்னுட்டேன்."

"ஏன் அண்ணா? நமக்கு அக்கறை இல்லையா?"

"அக்கற கீது. அதான் தெரிஞ்சிக்கல. நம்ம வாயில இல்லாதத நம்ம வாய்லேர்ந்து புடுங்க முடியாதில்ல?"

நான் அவருக்கும் மேலே போய்ச் சந்தேகப்பட்டேன். இந்த மனிதர் என்னை நம்பவில்லை, முகாம் நடத்தியவளிடம் சொல்லக் கூடாது என்று மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் போல அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

துக்க வீட்டுக்கு நான் போனபோது தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் அவர் சட்டையோடு கிடந்தார், பையில் பேனா இல்லை. வெளியூரில் இருக்கும் உறவினர்கள் பார்க்கட்டும் என்று ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து, வருகிற ஒவ்வொருவரையும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார். தனலட்சுமி அக்காவின் பக்கத்தில், நரைத்த தலையோடு, அக்காவின் முகச்சாடையிலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்திருந்தார். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். பந்தல் ஓரத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் மாலையோடு வந்து நின்றாள். இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருந்தது. அவள்தான். நேரலை பிடிப்பவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அவள் கணவனுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், யார் போனில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. நான் ஓடிப்போய் அந்தப் போனுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டேன். "கொஞ்சம் தள்ளுங்க மேடம்" என்றார் அவர். நான் தள்ளவில்லை. தலையில் அடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். அழுகை உண்மைதான், நின்ற இடம்தான் திட்டம். அவள் மாலையைப் போட்டு, கால்மாட்டில் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, கூட்டத்திலிருந்து வெளியே போகிறவரை அப்படியே நின்றேன்.

தெருமுனையில் அவளைப் பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. கழுத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தின் அட்டை தொங்கியது, அதைப் படிக்காமல் கண்ணை எடுத்துக்கொண்டேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். "நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க, நான்தான நம்பரச் சொன்னேன்" என்றாள். எங்கே இருக்கிறாய், என்ன வேலை, யாரோடு இருக்கிறாய் என்று ஆயிரம் கேள்வி வாய்வரை வந்தது. அவளும் சொல்லிவிடுவாள் போலிருந்தது. "வேண்டாம்" என்றேன்.

நிறுத்தத்தில் இரண்டு மினி பஸ்கள் நின்றன. ஒன்று குத்தம்பாக்கம் போவது, இன்னொன்று ஐயப்பன்தாங்கல் போவது. கன்னியப்பனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: அவள் எதில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் திரும்பி நின்றேன்.